ஒரே வலையில் பல இன மீன், தரவும் குறைவு: பிடிக்கான உச்ச அளவை எப்படித் தீர்மானிப்பது?

பல வருடப் பிடி விபரம் கையில் இல்லை, பத்து இனம் சேர்ந்து வருகிறது, இதில் கோட்டா எப்படிப் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கொழும்பில் மீன் ஏற்றுமதி சார்ந்த வேலையில் இருக்கிறேன், இந்தக் கேள்வி எனக்கு மிக முக்கியமானது. மொத்தம் எத்தனை டொன் என்பதிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். சேர்ந்து படுகிற மீன்களில் எது முதலில் இல்லாமல் போகும் என்று பாருங்கள்.

சூடை மாதிரிச் சின்ன மீன்கள் சீக்கிரமே முட்டையிடத் தொடங்கிவிடும். கலவாய்க்கு வருடக்கணக்கில் வேண்டும், அதிலும் பல கலவாய் இனங்கள் பெண்ணாக வளர்ந்து பெரிதான பிறகுதான் ஆணாக மாறுகின்றன, அதனால் பெரியதாகப் பார்த்துப் பிடித்தால் ஆண் மீனே தட்டுப்பாடாகிவிடும். கலவாயும் விளைமீனும் பாரையும் ஒரே தூண்டிலில் வருகிற இடத்தில் மொத்த நிறை அப்படியே இருக்கும், உள்ளே கலவாய் காணாமல் போயிருக்கும். ஹவாயில் ஆழ்கடல் அடிமீன்கள் ஏழு இனத்துக்கும் சேர்த்து வருடத்துக்கு ஒரே உச்ச அளவு வைக்கிறார்கள். நிர்வாகத்துக்கு அது வசதிதான், ஆனால் பலவீனமான இனத்தைத் தனியாகக் கவனித்தால்தான் எனக்கு அதில் நம்பிக்கை வரும்.

சரி, தரவுக்கு எங்கே போவது? அளவுகோலை எடுத்து மீனின் நீளத்தை அளந்து பாருங்கள். மீன்வள விஞ்ஞானி ரெய்னர் ஃபுரோஸ் 2004இல் சொன்ன மூன்று விஷயம் போதும்: பிடிபட்டதில் எத்தனை வீதம் ஒருதடவையாவது முட்டையிடும் பருவத்தைத் தாண்டியது, எத்தனை வீதம் சரியான வளர்ச்சி நீளத்தில், அதாவது பிடித்தால் அந்த இனத்திலிருந்து அதிக நிறை கிடைக்கிற நீளத்தில் இருக்கிறது, மிகப் பெரிய தாய் மீன்கள் எவ்வளவு அகப்படுகின்றன. முட்டையிடும் பருவத்துக்கு வரும் நீளம் பல இனங்களுக்கு ஃபிஷ்பேஸ் என்ற மீன் தகவல் இணையதளத்தில் இருக்கிறது, ஆனால் அது வேறு கடலில் அளந்ததாகவும் இருக்கலாம், பார்த்துப் பயன்படுத்துங்கள்.

தயவுசெய்து கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள பேலியகொடை மொத்த மீன் சந்தையில் நின்று அளக்காதீர்கள். அங்கே வருவது பல கரைகளிலிருந்து லொறியில் வந்து கலந்த மீன், பெரியது ஏற்கெனவே ஹோட்டலுக்கும் ஏற்றுமதிக்கும் பிரிந்து போயிருக்கும், மிச்சத்தை அளந்துவிட்டு கடலில் பெரிய மீனே இல்லை என்று முடிவெடுத்தால் அது பிழை. முகத்துவாரம் மாதிரி ஒரு இறங்குதுறையில், தரம் பிரிக்கும் முன்னரே, எந்த வலை, எந்தக் கண் அளவு, எத்தனை மணி நேரம் என்ற விபரத்தோடு அளக்க வேண்டும். படகுச் சொந்தக்காரர்களான சம்மாட்டிமாரிடம் முதலே பேசி வையுங்கள், இல்லாவிட்டால் பெட்டியைத் தொடவே விடமாட்டார்கள், அதில் நியாயமும் இருக்கிறது, ஐஸ் உருகினால் விலை போய்விடும்.

அப்புறம் இலக்கம். முழு மதிப்பீடு செய்ய முடியாத மீன்களுக்கு ஐசிஈஎஸ் என்ற சர்வதேச கடல் ஆய்வு அமைப்பு 2012இல் ஒரு எளிய விதி கொண்டுவந்தது: கடலில் மீன் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் சுட்டியின் கடைசி 2 வருடச் சராசரியை அதற்கு முந்திய 3 வருடச் சராசரியால் வகுத்து, வருகிற விகிதத்தால் பழைய பிடி அளவைப் பெருக்குவது, ஒரே தடவையில் 20 வீதத்துக்கு மேல் கூட்டவோ குறைக்கவோ விடாமல் தடுப்பது, நிலைமை தெரியாதபோது மேலதிகமாக 20 வீதம் வெட்டுவது. நானென்றால் பலவீனமான இனத்துக்கு வேகமாகக் குறைத்து, மெதுவாகத்தான் கூட்டுவேன்.

கோட்டா முடிந்த பிறகும் கலவாய் தூண்டிலில் ஏறத்தான் செய்யும், செத்ததைக் கடலில் எறிந்தால் கணக்கு மட்டும்தான் சுத்தமாகும். அதனால் டொன் கணக்கோடு சேர்த்து கண் அளவு, இடம், காலம் மூன்றையும் கட்டுப்படுத்துங்கள். சிங்கி இறாலுக்கு இங்கே பெப்ரவரி, செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் தடை இருக்கிறது, முட்டையோடு பிடிக்கவும் கூடாது. முட்டையிடும் காலம் தெரிந்த இனங்களுக்கு இதே மாதிரித் தடையைத்தான் நான் முதலில் கேட்பேன், ஏனென்றால் அதைக் கரையில் நின்றே சரிபார்க்கலாம்.