‘யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யுங்கள்’

கேள்வி: வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் நான்கு வருடம் இருந்தேன். வேலை பார்த்துக்கொண்டே எச்.ஆர். (மனிதவளம்) படித்து முடித்தேன். அடுத்த வாரம் ஒரு பெரிய நிறுவனத்தில் எச்.ஆர். எக்ஸிகியூட்டிவ் வேலைக்கு நேர்காணல், மூன்று சுற்று என்கிறார்கள். பிறரை இன்டர்வியூ செய்வதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் என்னிடம் என்னதான் கேட்பார்கள்?

- பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி

பதில்: என் முதல் எச்.ஆர். நேர்காணலில் ‘ஏன் இந்தத் துறை?’ என்று கேட்டார்கள். ‘எனக்கு மனிதர்களோடு பழகப் பிடிக்கும்’ என்றேன். எதிரில் இருந்தவர் பேனாவை மூடிவைத்தார். வேலை கிடைக்கவில்லை. பிற்பாடு நானே அந்தப் பக்க நாற்காலியில் இருபது வருடம் உட்கார்ந்தபோதுதான் புரிந்தது, வருகிறவர்களில் பாதிப்பேர் அதையேதான் சொல்கிறார்கள். நீங்கள் சொல்லாதீர்கள். கோபமாக வந்த ஒருவருக்கு, விதியையும் மீறாமல் முகத்தையும் சுளிக்காமல் ‘முடியாது’ என்று சொன்ன நாள் ஒன்று உங்களுக்குக் கட்டாயம் இருக்கும். அதைச் சொல்லுங்கள். எச்.ஆர். வேலையில் பாதி அதுதான்.

முதல் சுற்று பெரும்பாலும் போனில் முடிந்துவிடும். சம்பள எதிர்பார்ப்பு, எப்போது சேர முடியும், ஏன் மாறுகிறீர்கள், அவ்வளவுதான். இரண்டாவதில்தான் சூழ்நிலைக் கேள்விகள்.

நான் தவறாமல் கேட்டது இது. ஓர் ஊழியர் உள்ளே வந்து கதவைச் சாத்துகிறார். ‘யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தால் ஒன்று சொல்கிறேன்’ என்கிறார். என்ன செய்வீர்கள்? நல்ல மனசுக்காரர்கள் இங்கேதான் தடுக்கி விழுவார்கள். சத்தியம் செய்துவிட்டுக் கேட்பார்களாம். சரி, அவர் சொல்லப்போவது மேலதிகாரியின் பாலியல் தொந்தரவு என்றால்? உங்கள் காதில் விழுந்தால் நிறுவனத்தின் காதில் விழுந்த மாதிரி. கண்டுகொள்ளாமல் விட முடியாது. ‘எல்லாவற்றையும் ரகசியமாக வைப்பேன் என்று வாக்குத் தர முடியாது, ஆனால் தெரிந்தே ஆக வேண்டியவர்களைத் தாண்டிப் போகாது’ என்று அவர் ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். ஒரு பெண் இதைச் சரியாகச் சொல்லிவிட்டு, ‘அதைக் கேட்டு அவர் எழுந்து போய்விட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள் மேடம்?’ என்று என்னையே திருப்பிக் கேட்டார். என்னிடம் தயாராகப் பதில் இல்லை. அவரை எடுத்துக்கொண்டோம்.

கணக்கும் வரும். வருடத் தொடக்கத்தில் 200 பேர், முடிவில் 220 பேர், நடுவில் 42 பேர் போனார்கள், அட்ரிஷன், அதாவது வேலையை விட்டுப் போகிறவர்களின் விகிதம், எவ்வளவு? சராசரி 210, அதில் 42 என்றால் 20 சதவீதம். அதோடு நிறுத்தாமல், அந்த 42 பேரில் தாமாகப் போனவர்கள் எத்தனை, சேர்ந்த வருடத்திலேயே போனவர்கள் எத்தனை என்று கேளுங்கள். சேர்ந்த கையோடு போகிறார்கள் என்றால் ஆள் எடுக்கும் விதத்தில் கோளாறு இருக்கலாம். ஒரே பிரிவிலிருந்து போகிறார்கள் என்றால் அந்த மேலாளரைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். சில இடங்களில் எக்செல் கோப்பைக் கொடுத்து பிவட் டேபிள் (தகவல்களைத் தொகுத்துக் காட்டும் அட்டவணை) போடச் சொல்வதும் உண்டு, ஒருமுறை பழகிக்கொண்டு போங்கள்.

அப்புறம், பழைய அலுவலகக் கதைகளில் ஆள் யாரென்று தெரியக் கூடாது. ஒருவர் தன் சக ஊழியரின் பெயர், சம்பளம், மருத்துவ விடுப்புக்கான காரணம் வரை சொல்லி அருமையாக ஓர் உதாரணம் கொடுத்தார். நாளைக்கு எங்கள் கதையும் இப்படித்தான் ஊர் சுற்றும் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது சுற்றில் பெரியவர்கள் இருப்பார்கள். ‘எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?’ என்பார்கள். எச்.ஆர். தலைவர் யாருக்கு ரிப்போர்ட் செய்கிறார் என்று கேளுங்கள். தலைமை நிர்வாகிக்கு என்றால் அது ஒரு விதம், நிதித் தலைவருக்கு என்றால் எதை எடுத்தாலும் செலவுப் பேச்சு முதலில் வர வாய்ப்புண்டு. இந்த இடத்தில் முன்பு இருந்தவர் ஏன் போனார் என்றும் கேளுங்கள். சொல்கிற பதில் கிடக்கட்டும். சொல்வதற்கு முன் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்களா என்று கவனியுங்கள்.