எந்தக் கோடு முதலில் ஏறியது?

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உயர்நிலை நான்கில் படிக்கும் உங்கள் மகள், பழைய லேப்டாப்பை அலமாரியில் வைத்துக்கொண்டு பிரவுசரில் ஓடும் கோடுகளையே மணிக்கணக்கில் பார்க்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். இது எந்தப் படிப்புக்கு உதவும், இந்தத் திறமைக்கு இங்கே வேலை இருக்கிறதா, இதற்கென்று 2,000 வெள்ளிக்கு ஒரு வகுப்பு இருக்கிறதாம், சேர்த்துவிடட்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

வகுப்பு வேண்டாம். அந்தப் பணத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். அந்தக் கோடுகள், கணினி எப்படி வேலை செய்கிறது என்று கண்காணிக்கும் மென்பொருள் வரைபவை. அவள் பயன்படுத்தும் நெட்டேட்டா, அடுத்துக் கற்கப்போகும் புரோமிதியஸ், கிராஃபானா என்று அந்த வகைக் கருவிகள் எல்லாவற்றையும் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். புரோமிதியஸ் 2012இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தின் பொறியாளர்கள் தங்கள் தேவைக்காக எழுதத் தொடங்கியது. கிராஃபானா 2014இல் வந்தது. இன்று பெரிய நிறுவனங்களும் இவற்றைத்தான் வைத்திருக்கின்றன. உங்கள் அலமாரியில் ஓடுவதும் அதே வகைக் கருவிதான்.

சனிக்கிழமை அவள் அந்த லேப்டாப்பையே தூக்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்திருந்தாள். மேசையில் வைத்து, பிரவுசரைத் திறந்து, முகவரிக்குப் பின்னால் நெட்டேட்டாவின் வாசல் எண்ணான 19999 என்று தட்டினாள். திரை நிறைய வரைபடங்கள், நொடிக்கு நொடி நகர்ந்தன. "சார், வீட்டுல போட்டோ எல்லாம் இதுலதான் சேமிக்கிறோம். ராத்திரி பத்து மணியானா எதுவுமே திறக்காது. இதைப் பாருங்க" என்று முந்தைய நாள் இரவுக்குப் போனாள்.

இரண்டு கோர், அதாவது ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்யக்கூடிய இயந்திரம். லோட் ஆறைத் தாண்டியிருந்தது. ஆனால் கணினியின் மூளையான சிபியு பத்து விழுக்காடுகூட வேலை செய்யவில்லை. இந்த இடத்தில் பலர் குழம்பிவிடுவார்கள். உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். தேக்கா சந்தையில் ஒரு புரோட்டாக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். மாவு உருண்டை உள்ளேயிருந்து வரத் தாமதமானால், கல்லுக்கு முன்னால் நிற்பவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். வரிசை மட்டும் நீண்டுகொண்டே போகும். லோட் என்பது அந்த வரிசை. லினக்ஸ் என்னும் இயங்குதளத்தில் சிபியுவுக்காக நிற்கும் வேலைகளோடு, கோப்புகளைச் சேமிக்கும் டிஸ்குக்காகக் காத்திருக்கும் வேலைகளும் அதில் சேரும். அதனால் சிபியு சும்மா இருக்கும்போதே லோட் ஏறலாம்.

"அப்படியானால் டிஸ்க் பழுதா?" என்று கேட்டேன். இல்லையென்று தலையை ஆட்டிவிட்டு, பத்து மணியை ஒட்டிய இரண்டு நிமிடங்களை மட்டும் பெரிதாக்கினாள். மெமரி வரைபடம், ஸ்வாப் வரைபடம், டிஸ்க் வரைபடம், லோட் வரைபடம் நான்கையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துக் காட்டினாள். முதலில் அசைந்தது மெமரி, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளுக்கான தற்காலிக இடம். பத்து மணிக்கு வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளும் ஒரே நேரத்தில் படங்களை அனுப்ப, படங்களை வகைப்படுத்தும் மென்பொருளும் அதே நேரத்தில் எழுந்துகொள்கிறது. நான்கு ஜிபி போதவில்லை. மெமரி போதாததால் இயந்திரம் டிஸ்கின் ஒரு பகுதியை மெமரிபோலப் பயன்படுத்தத் தொடங்குகிறது, அதுதான் ஸ்வாப். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறுகிறது. கடைசியாகத்தான் லோட் ஏறுகிறது. மெமரி நிறைந்திருப்பதாகத் தெரிந்தாலே பயப்படக் கூடாது, லினக்ஸ் மிச்ச இடத்தில் கோப்புகளை வைத்துக்கொள்ளும், தேவைப்பட்டால் விட்டுக்கொடுத்துவிடும், அதனால் "கிடைக்கக்கூடியது" என்ற எண்ணைத்தான் பார்க்க வேண்டும் என்பதையும் அவளே சொன்னாள்.

அம்மா, நான் இந்த ஆலோசனைப் பணிக்கு வருவதற்கு முன் கணினித் துறையில் இருந்தேன். அங்கே ஒரு நிறுவனத்தில் மூன்று வாரம் எல்லாரும் சிபியுவைக் குறைசொல்லிக்கொண்டிருந்தார்கள். புதிய இயந்திரமே வாங்கினார்கள். கோளாறு டிஸ்கில் இருந்தது. சம்பளம் வாங்கும் பெரியவர்கள் செய்யாத வேலையை உங்கள் பெண் செய்திருக்கிறாள். வரைபடத்தைப் பார்ப்பது யாருக்கும் வரும். எது காரணம், எது விளைவு என்று நேர வரிசையில் பிரித்துச் சொல்வதற்குத்தான் ஆள் தேடுகிறார்கள்.

இந்தத் திறமைக்கு இங்கே வேலை இருக்கிறதா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். 2023 அக்டோபர் 14ஆம் தேதி, இங்கே சிங்கப்பூரில், கணினிகளை வரிசையாக வைத்திருக்கும் ஒரு தரவு நிலையத்தில் குளிரூட்டும் அமைப்பு கோளாறானதால் இரண்டு வங்கிகளின் சேவைகள் தடைபட்டது உங்களுக்கு நினைவிருக்கும். வங்கியின் முக்கியக் கணினி அமைப்பு எதுவும் எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் மொத்தம் நான்கு மணி நேரத்துக்கு மேல் திட்டமில்லாமல் முடங்கக் கூடாது என்பது சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதி. நான்கு மணி நேரம்! அப்படியொரு விதி இருக்கும் ஊரில், திரையைப் பார்த்து ஐந்து நிமிடத்தில் காரணத்தை நெருங்குபவருக்கு மதிப்பு உண்டு. ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். இந்த வேலையில் இரவுப் பணி வரும், விடியற்காலை இரண்டு மணிக்குக் கைப்பேசி அடிக்கும். அவளிடமும் சொல்லிவிட்டேன்.

படிப்பைப் பொறுத்தவரை, பலதுறைத் தொழிற்கல்லூரியில் தகவல் தொழில்நுட்பப் பட்டயம் மூன்றாண்டு. தேர்வு முடிவு எதிர்பார்த்தபடி வராவிட்டால் ஐடிஇ என்னும் தொழில்நுட்பக் கல்விக் கழகம் வழியாகவும் அங்கே போய்ச் சேரலாம், அதைத் தோல்வியாக நினைக்காதீர்கள். ஆனால் அதற்கு முன் ஈஏஇ என்னும் முன்கூட்டிய சேர்க்கைக்கு அவள் கட்டாயம் விண்ணப்பிக்க வேண்டும். ஆண்டின் நடுவில், தேர்வுக்கு முன்பே நடப்பது. துறையில் உள்ள ஆர்வத்தையும் திறனையும் பார்த்து இடம் தருவார்கள். குறைந்தபட்சத் தேர்வுத் தகுதியை எட்டித்தான் ஆக வேண்டும், அதனால் கணக்கையும் ஆங்கிலத்தையும் விட்டுவிடக் கூடாது. நேர்முகத்தில் "கணினி எனக்கு ரொம்பப் பிடிக்கும்" என்று பலரும் சொல்வார்கள். இவள் ராத்திரி பத்து மணிக் கதையைச் சொல்லலாம்.

அதற்காக ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். என்ன கோளாறு, எந்தக் கோடு முதலில் ஏறியது, எதைச் சந்தேகித்தாள், அந்தச் சந்தேகம் சரியா தப்பா, என்ன மாற்றினாள், மாற்றியபின் கோடு எப்படி ஆனது என்று தேதி போட்டு எழுதட்டும். தப்பான சந்தேகத்தை அடிக்கவோ அழிக்கவோ கூடாது. படிப்பு நேரம் பறிபோகாமல் இருக்க, வாரத்தில் இரண்டு மாலை என்று அவளே ஒத்துக்கொண்டாள்.

இன்னொன்று, அந்த 19999 பக்கத்தை வெளியூரிலிருந்து பார்க்கலாமே என்று வீட்டு ரவுட்டரில் வழி திறந்துவிடக் கூடாது. இயந்திரத்தில் என்னென்ன ஓடுகிறது என்று அந்நியருக்குக் காட்டிக்கொடுத்ததாகும். வீட்டு நெட்வொர்க்குக்குள் மட்டும் இருக்கட்டும்.

அப்புறம், மின்கட்டணம் கூடுமென்று தூங்கப்போகும்முன் அந்த லேப்டாப்பை நீங்கள் அணைத்துவிடுவதாகச் சொன்னாள். ஒரு லேப்டாப்புக்கு ஆகும் மின்சாரம் அவ்வளவு அதிகமில்லை. படங்களை வகைப்படுத்தும் வேலையை அவள் இப்போது அதிகாலை மூன்று மணிக்கு மாற்றி வைத்திருக்கிறாள். இந்த வாரம் மட்டும் அணைக்காமல் விட்டுவையுங்கள், மெமரிக் கோடு இறங்கியிருக்கிறதா என்று அடுத்த சனிக்கிழமை அவளோடு சேர்ந்து பார்க்கிறேன்.