சாய்த்தால் மட்டும் போதுமா?

அன்புள்ள ஐயா,

சிவகாசியில் டிடிபி வேலை பார்க்கிறேன். எங்கள் ஊர் கபடி அணியின் பெயரை ஃப்ளெக்ஸுக்காக ஆங்கிலத்தில் தடித்த எழுத்தில் அடித்து, கோரல் டிரா என்ற வரைகலை மென்பொருளில் 16 டிகிரி சாய்த்தேன். என்னவோ போல் இருக்கிறது. அதிலும் 'ஓ' எழுத்து நசுங்கின மாதிரி தெரிகிறது. அதே ஃபாண்டில் போல்டு இட்டாலிக் (தடித்த சாய்வெழுத்து) என்று தனியாக ஒன்று இருக்கிறது. அது அழகாக நிற்கிறது. இரண்டும் சாய்வுதானே, வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

இப்படிக்கு,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கண் சரியாகவே பிடித்திருக்கிறது. அந்த ஆங்கில 'ஓ'வைத் திரையில் நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். மேலே வலது பக்கமும் கீழே இடது பக்கமும் புடைத்திருக்கும். எதிர் மூலைகள் இரண்டும் மெலிந்திருக்கும். வட்டத்தை ஒரு பக்கமாகத் தள்ளினால் அது மூலைவாட்டில் இழுபடும், கோட்டின் கனமும் கூடவே இழுபடும். ஆங்கில 'ஏ'யிலும் (A) இதே கதைதான். இடது கால் இன்னும் படுத்து ஒல்லியாகிறது, வலது கால் நிமிர்ந்து தடிக்கிறது. எழுத்தின் செங்குத்துக் கோடான நேர்த்தண்டும் தப்பாது: 100 அலகு கனமுள்ளது 16 டிகிரியில் 96 ஆகிவிடும். மெல்லிய எழுத்தில் இதைக் கண் பொறுத்துக்கொள்ளும். தடித்த எழுத்தில் உள்ளே இருக்கும் வெள்ளை இடமே கொஞ்சம். அது கோணினால் உடனே தெரிந்துவிடும்.

போல்டு இட்டாலிக்கை வரைபவர் புடைத்ததைச் செதுக்கி, மெலிந்த இடத்தில் சதை வைத்து, வளைவுகளைத் திரும்ப இழுக்கிறார். எழுத்துரு வடிவமைப்பாளர் அட்ரியன் ஃப்ருட்டிகர் வரைந்து 1957இல் வெளிவந்த யூனிவர்ஸ் என்ற ஃபாண்ட் குடும்பத்தில் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஓர் எண் உண்டு. 55 சாதாரணம், 65 தடித்தது, 66 தடித்துச் சாய்ந்தது. சாய்வெழுத்தைத் தனி உருப்படியாக மதித்த அந்த முறை எனக்கு மிகவும் பிடிக்கும்.

பயன்பாடு என்று பார்த்தால், நாலைந்து சொற்களுக்குத்தான் போல்டு இட்டாலிக் ஏற்றது. அமெரிக்கக் கலைஞர் பார்பரா க்ரூகரின் படைப்புகளைத் தேடிப் பாருங்கள். கறுப்பு வெள்ளைப் புகைப்படம், மேலே சிவப்புப் பட்டை, அதில் ஃப்யூச்சுரா என்ற ஃபாண்டின் தடித்த சாய்வில் வெள்ளை எழுத்து. நின்று பேசுகிற எழுத்தல்ல அது, எட்டி வந்து சட்டையைப் பிடிக்கும். அதையே பத்தி பத்தியாக அடித்தால் யாராலும் படிக்க முடியாது. ஓர் அணியின் பெயர் என்றால் கச்சிதம்.

அப்புறம், ஃப்ளெக்ஸில் தமிழ் வரி இருந்தால் அதைச் சாய்க்கவே சாய்க்காதீர்கள். நம் ஃபாண்டுகளில் பெரும்பாலானவற்றுக்குச் சாய்வு வடிவம் வரையப்படவே இல்லை, மென்பொருள்தான் தள்ளிவிடுகிறது. 'ண'வின் சுழிகள் 'ஓ'வைவிட மோசமாகிவிடும். நிமிர்ந்த தடித்த எழுத்தே போதும்.

ஆங்கிலப் பெயருக்கு மெனுவில் இருக்கும் அந்தப் போல்டு இட்டாலிக்கையே எடுங்கள். அனுப்பும் முன் எழுத்தைக் கர்வாக, அதாவது ஃபாண்ட் தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக, மாற்றிவிடுங்கள். மாற்றாமல் அனுப்பி, ஃப்ளெக்ஸ் அடிக்கும் இடத்தில் அந்த ஃபாண்ட் இல்லையென்றால் வேறு ஏதாவது வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அன்புடன்.