செட்டியார் தெரு வேலையை விட்டுவிட்டு எழுதலாமா?

சகோதரி, கொழும்புச் செட்டியார் தெரு நகைக்கடையில் ஒன்பது வருடம் பற்றுச்சீட்டு எழுதியது வீண், வேலையை விட்டுவிட்டுக் காதல் நாவல் எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடாதீர்கள். இங்கே அச்சுக்கூலி பெரும்பாலும் எழுதுகிறவர் கையிலிருந்துதான் போகிறது. அச்சகத்துக்கு முற்பணம் கட்டச் சம்பளம் வேண்டும்.

நான் எழுத வருமுன் வெள்ளவத்தையில் ஒரு தொலைத்தொடர்பு நிலையத்தில் இருந்தேன். ஒரு பெண் கனடாவுக்கு அழைப்பு எடுத்து, கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு வார்த்தையும் பேசாமல் நான்கு நிமிடம் அழுதாள். பிறகு சில்லறையைச் சரியாக எண்ணி வைத்துவிட்டுப் போனாள். என் முதல் நாவலின் மூன்றாம் அத்தியாயம் அவள்தான். அடுத்துப் பார்த்த கணக்கு வேலையில் கதை கிடைக்கவில்லை, தூக்கம்தான் கிடைத்தது.

உங்கள் கடைக்குத் தாலிக்கொடி வாங்கக் குடும்பங்கள் வருகின்றன. விலை பேசும்போது மணப்பெண் யாரைப் பார்க்கிறாள்? கொடியை விற்க வருகிறவள் அதைக் கழற்றும்போது எந்தப் பக்கம் திரும்புகிறாள்? அன்றன்றே ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள், பெயர்களை விட்டுவிட்டு.

அச்சுக்குக் கொடுக்குமுன் கொழும்பு 7இல் தேசிய நூலகத்தில் ஐ.எஸ்.பி.என். என்ற சர்வதேசப் புத்தக அடையாள எண்ணுக்கு விண்ணப்பியுங்கள். வெளியீட்டுக்குத் தமிழ்ச் சங்க மண்டபத்தை விசாரியுங்கள்.