85,000 ரூபாய் ‘ஸ்பெஷல் மவுஸ்’ வாங்கணுமா? ஒரே ஒரு சுவிட்ச் போதும்

கேள்வி: உசிலம்பட்டி பக்கத்துல கிராமம். என் தங்கச்சிக்கு 19 வயசு, பிறவியிலேயே செரிப்ரல் பால்ஸி, மூளை முடக்குவாதம்னு சொல்றாங்க. பேச்சு தெளிவா வராது, ஆனா எல்லாம் புரியும், பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கா. கை நடுங்குறதால மவுஸ், கீபோர்டு பிடிக்க முடியல, வலது முழங்கைய மட்டும் ஓரளவு சொன்னபடி நகர்த்துவா. மதுரைல ஒருத்தர் இம்போர்ட்டட் ஸ்பெஷல் மவுஸ் செட்டுன்னு 85,000 ரூபாய் சொல்றாரு, பாதி அட்வான்ஸ் கேக்குறாரு. வாங்கலாமா? போன்ல தமிழ்ல டைப் பண்ண முடியுமா? எங்க ஊர் டிவி மெக்கானிக் நல்ல வேலைக்காரரு, அவரே ஏதாவது செஞ்சு தர முடியுமா?

பதில்: தம்பி, முதல்ல அந்த அட்வான்ஸ குடுக்காதீங்க. உங்க தங்கச்சிக்கு இப்ப தேவை முழங்கையால அமுக்குற மாதிரி ஒரு பெரிய சுவிட்ச், அந்த சுவிட்ச கம்ப்யூட்டருக்கும் போனுக்கும் கீபோர்டு மாதிரி காட்டுற ஒரு சின்ன போர்டு, அம்புட்டுதான். சாமான் செலவு 1,500 ரூபாய்க்குள்ள முடிஞ்சிரும், மெக்கானிக் கூலி தனி. அவரு செஞ்சு தரலாமான்னு கேட்டீங்கள்ல, தாராளமா செய்யலாம், எப்படின்னு கடைசில சொல்றேன்.

ஒரு சுவிட்ச்ச வச்சு எப்படி டைப் பண்றதுன்னு உங்களுக்கு சந்தேகம் வரும். ஸ்கேனிங்னு ஒரு முறை இருக்கு. ஸ்கிரீன்ல கீபோர்டு வரும், அதுல வரிசை வரிசையா வெளிச்சம் தானா நகர்ந்துட்டே இருக்கும், வேண்டிய வரிசைக்கு வரும்போது ஒரு அமுக்கு, அப்புறம் அந்த வரிசைக்குள்ள எழுத்து எழுத்தா நகரும், வேண்டிய எழுத்துக்கு இன்னொரு அமுக்கு. மெதுவாத்தான் போகும், ஆனா வேலை நடக்கும். உடம்பு செயலிழந்துபோன விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங் கடைசி வருசங்கள்ல பேசினது எழுதினது எல்லாம் ஒரே சுவிட்ச்சுலதான், கன்னத்து தசை அசையிறத மூக்குக் கண்ணாடில மாட்டின இன்ஃப்ராரெட் சென்சார் பிடிக்கும், அதுதான் அவருக்கு மவுஸும் கீபோர்டும். அவருக்காக இன்டெல் கம்பெனி செஞ்ச ஏகாட்ங்கிற சாஃப்ட்வேர 2015ல எல்லாருக்கும் இலவசமா திறந்து விட்டுட்டாங்க. விண்டோஸ்ல இருக்கிற ஆன் ஸ்கிரீன் கீபோர்டுலயே ஆப்ஷன்ஸுக்குள்ள போனீங்கன்னா இந்த ஸ்கேனிங் இருக்கு, ஸ்பேஸ் கீய அமுக்கினா தேர்ந்தெடுக்கும்னு செட் பண்ணிக்கலாம். காசு குடுத்து எந்த சாஃப்ட்வேரும் இப்ப வாங்க வேண்டாம்.

இப்ப அந்த போர்டு விஷயத்துக்கு வர்றேன், இங்கதான் நம்ம ஆளுங்க ஏமாறுறாங்க, அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க. யூஎஸ்பில ஒரு சாமான சொருகின உடனே அது கம்ப்யூட்டர்கிட்ட நான் இன்னாருன்னு சொல்லிக்கும், வீட்டுக்கு வர்ற ஆள் வாசல்ல நின்னு பேர் சொல்ற மாதிரி. நான் கீபோர்டுன்னு சொல்லிச்சுன்னா கம்ப்யூட்டர் வேற எதுவும் கேக்காம உள்ள விட்டுரும், டிரைவர் போட வேண்டாம், இன்ஸ்டால் பண்ண வேண்டாம், போன்லயும் அப்படியே ஓடும். இதுக்கு ஹெச்ஐடின்னு பேரு. எல்லா போர்டாலயும் அப்படி சொல்ல முடியாது. ஏடிமெகா 32யூ4ங்கிற சிப் இருக்கிற போர்டு சொல்லும், ப்ரோ மைக்ரோ, லியோனார்டோ ரெண்டும் அந்த ஜாதிதான். ராஸ்பெர்ரி பை பிக்கோவும் சொல்லும், அது 2021ல நாலு டாலர் விலைல வந்தது. ஆனா கடைல இந்த வகை போர்டுகளுக்குப் பழகின பேரான ஆர்டுயினோன்னு கேட்டீங்கன்னா உங்க கைல யூனோ போர்டதான் குடுப்பாங்க. பரவலா கிடைக்கிற பழைய மாடல் யூனோவுல இருக்கிற மெயின் சிப்புக்கு நேரா யூஎஸ்பி பேசத் தெரியாது, நான் கீபோர்டுன்னு அதால சொல்ல முடியாது. கடைக்குப் போனா ப்ரோ மைக்ரோன்னு பேர் சொல்லி, சிப் நம்பரப் பாத்து வாங்குங்க.

இந்த ஒரு விஷயத்த வச்சுத்தான் பெரிய வியாபாரமே நடக்குது. காலேஜ் பசங்களுக்கு ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் செஞ்சு விக்கிற இடங்கள் நம்ம ஊர்ல எத்தனை இருக்குன்னு உங்களுக்கே தெரியும். அதுல சில பேரு இந்த யூனோவ ஒரு பிளாஸ்டிக் டப்பாக்குள்ள வச்சு, மேல ஸ்டிக்கர் ஒட்டி, மாற்றுத்திறனாளிகளுக்கான கண்டுபிடிப்புன்னு விக்கிறாங்க. அது கீபோர்டா வேலை செய்யாதுங்கிறதால கம்ப்யூட்டர்ல தனியா ஒரு சாஃப்ட்வேர் போட்டு அத வச்சு ஓட்டிக் காட்டுவாங்க. போன்ல ஓடாது. விண்டோஸ் மாத்தினா நின்னுரும், திரும்ப அவங்ககிட்டதான் போகணும், அப்ப ஒரு காசு, லைசென்ஸ்னு வருசா வருசம் ஒரு காசு. இன்னொரு கூட்டம் வெளிநாட்டு பொருள ஆன்லைன்ல வாங்கி ஒண்ணுக்கு மூணா விலை வச்சு மெடிக்கல் எக்விப்மென்ட்னு சொல்லி விப்பாங்க. பெத்தவங்க அண்ணன் தம்பிங்க மனசு தெரிஞ்சு பேசுவாங்க, புள்ளைக்காக இது கூட செய்ய மாட்டீங்களாம்பாங்க. எனக்கு ரொம்ப வயித்தெரிச்சலா இருக்கிறது இந்தப் பேச்சுதான்.

உங்ககிட்ட 85,000 சொன்னவருகிட்ட ஒரே ஒரு சோதனை வைங்க. உங்க சொந்த லேப்டாப்ப எடுத்துட்டுப் போங்க, எந்த சாஃப்ட்வேரும் போட விடாதீங்க, நோட்பேட திறந்து வச்சு அவரு பொருள சொருகி அமுக்கச் சொல்லுங்க. எழுத்தோ ஸ்பேஸோ விழுந்துச்சுன்னா அது உண்மையான கீபோர்டு சாமான். அப்புறம் போன்ல யூஎஸ்பி சாமான் சொருக உதவுற ஓடிஜி கேபிள் போட்டு உங்க போன்லயும் அதே மாதிரி பாருங்க. ரெண்டுலயும் ஓடலைன்னா எழுந்து வந்துருங்க. ஓடினாலும் அந்த விலைக்கு வாங்காதீங்க. மைக்ரோசாஃப்ட் 2018ல உடல் குறைபாடு உள்ளவங்களுக்காக எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர்னு ஒண்ணு கொண்டு வந்துச்சு, அதுல 19 ஜாக் இருக்கு, வந்தப்ப அமெரிக்காவுல அதோட விலையே 100 டாலர்தான். ஒத்த சுவிட்ச்சுக்கு 85,000ங்கிறது எந்தக் கணக்குலயும் வராது.

இன்னொரு விஷயம், எவனாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யூடிஐடி கார்டு, ஆதார் ஜெராக்ஸ் கேட்டா, கவர்மென்ட்ல சப்சிடி வாங்கித் தர்றேன்னு வெத்துத் தாள்ல கையெழுத்து கேட்டா, குடுக்கவே குடுக்காதீங்க. நேரா கலெக்டர் ஆபீஸ்ல இருக்கிற மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு நீங்களே போங்க, நடுவுல ஆள் வேண்டியதில்ல. எங்கயாவது ஜெராக்ஸ் குடுக்க வேண்டி வந்தாலும் எதுக்காக குடுக்கிறோம், என்ன தேதின்னு அதுமேலயே குறுக்க எழுதிக் குடுங்க.

ஆபீஸ்ல கேட்டா இந்த சுவிட்ச் குடுப்பாங்களான்னா, கேளுங்க, எழுதிக் குடுத்து ரசீது வாங்கிக்கோங்க, ஆனா அத நம்பி காத்திருக்காதீங்க. ஏடிப்னு மத்திய அரசு திட்டம் 1981ல இருந்து இருக்கு, கான்பூர்ல இருக்கிற அலிம்கோங்கிற அரசு கம்பெனில செய்யிற சாமான்கள கேம்ப் போட்டு குடுக்கிறாங்க, வீல்சேருக்கும் மூணு சக்கர வண்டிக்கும் காது மெஷினுக்கும் அது நல்ல திட்டம். இந்த மாதிரி ஆளுக்கு ஆள் அளவு பாத்து செய்யிற சாமானுக்கு அந்த ஏற்பாடு தோதுப்படல. ஒரு பிள்ளைக்காக நான் ஒரு ஆபீஸ்ல இதக் கேட்டப்ப மூணு கம்பெனி கொட்டேஷன் கொண்டு வாங்கன்னாங்க. 1,200 ரூபாய் சாமான் சார், மெக்கானிக் செஞ்சது, இதுக்கு எந்தக் கம்பெனி கொட்டேஷன் தரும்னு கேட்டேன். அப்ப லிஸ்ட்ல இருக்கிறத வாங்கிக்கோங்கன்னாங்க. லிஸ்ட்ல சுவிட்ச்சே இல்ல. இப்படித்தான் 1,200 ரூபாய் வேலை நடக்காம நின்னு, அந்த எடத்துல 85,000 ரூபாய் ஆளு உள்ள வர்றான். ஒவ்வொரு மாவட்டத்துலயும் ஒரு தெரபிஸ்டும் ஒரு சாலிடரிங் டேபிளும் போட்டுக் குடுத்தா முடியிற காரியம் இது. சென்னை பக்கம் போற வேலை இருந்தா காமராஜர் சாலைல அரசாங்கம் ஆரம்பிச்ச மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டீஸ்னு ஒண்ணு இருக்கு, இந்த மாதிரி சாமான்கள தொட்டுப் பாக்கலாம், தங்கச்சிய கூட்டிட்டுப் போய் காட்டுங்க. அந்த மாதிரி ஒண்ணு மதுரைக்கு எப்ப வரும்?

அடுத்தது போன். ஆண்ட்ராய்டுல ஸ்விட்ச் அக்சஸ்னு ஒண்ணு செட்டிங்ஸ்ல அக்சஸிபிலிட்டிக்குள்ள இருக்கும், இல்லேன்னா ப்ளே ஸ்டோர்ல கூகுளோடதே இலவசமா கிடைக்கும், கூகுள் பேர் இருக்கான்னு பாத்து போடுங்க. சுவிட்ச்ச ஸ்பேஸ் கீயா வச்சு, ஆட்டோ ஸ்கேன் ஆன் பண்ணிட்டா, வாட்ஸப்புல இருந்து எல்லாமே அவளே திறக்கலாம். தமிழுக்கு செல்லினம் மாதிரி ஒரு கீபோர்டு ஆப் போட்டு, தமிழ் எழுத்த நேரா அடிக்கிற தமிழ்99 கீபோர்டு அமைப்ப வைங்க. இங்கிலீஷ்ல அம்மான்னு அடிச்சு தமிழா மாத்துற முறை இதுக்கு வேண்டாம், தமிழ்99ல அ, ம, ம, ஆ நாலு எழுத்துல அம்மா வந்துரும், புள்ளி அதுவே வச்சுக்கும். நமக்கு ஒரு எழுத்து கூடுனா ஒண்ணும் தெரியாது, ஸ்கேனிங்ல ஒவ்வொரு எழுத்துக்கும் ரெண்டு அமுக்கு, நடுவுல காத்திருப்பு வேற, முழங்கை வலிச்சுரும்.

கை நடுங்குதுன்னீங்க, ஒரு தடவ அமுக்குறது ரெண்டு மூணு தடவையா விழும். போர்டுல ஏத்துற ப்ரோக்ராம்லயே ஒரு அமுக்குக்கு அப்புறம் அரை செகண்ட் எதையும் கண்டுக்காதேன்னு எழுதிறலாம், ஸ்விட்ச் அக்சஸ்லயும் அதுக்கு செட்டிங் இருக்கு. ஆரம்பத்துல ஸ்கேன் வேகத்த ரொம்பக் குறைச்சு வைங்க. வேகமா வச்சு அவ தப்பு தப்பா அமுக்கி வெறுத்துப் போயிட்டான்னா அப்புறம் தொடவே மாட்டா.

சுவிட்ச் யாருக்கு சரிப்படாதுன்னு ஒண்ணு சொல்லணும், ஏன்னா இந்த பதில பாத்துட்டு வேற வீட்டுக்காரங்களும் கேப்பாங்க. உடம்புல எந்த அசைவும் இல்லாம கண்ணு மட்டும் அசையிறவங்க, மோட்டார் நியூரான் நோய் முத்தினவங்க மாதிரி, அவங்களுக்கு கண் பார்வை போற இடத்த கண்டுபிடிக்கிற ஐ டிராக்கர் வேணும், அத வீட்ல செய்ய முடியாது, வாங்கித்தான் ஆகணும், விலையும் கூடதான். விண்டோஸ்ல 2017ல இருந்து ஐ கன்ட்ரோல் கூடவே வருது, டோபி கம்பெனி டிராக்கர் சிலது அதுல ஓடும். ஆனா அதுவும் இன்ஃப்ராரெட் வெளிச்சத்துல ஓடுறது, நம்ம ஊர் வெயில் ஜன்னல் வழியா மூஞ்சில அடிச்சா தடுமாறும். தலை ஆடிக்கிட்டே இருக்கிறவங்களுக்கு கண்ண பிடிக்கவே பிடிக்காது, மாறுகண் இருந்தா இன்னும் சிரமம். செரிப்ரல் பால்ஸி பிள்ளைங்களுக்கு இது ரெண்டும் இருக்கலாம், அதனால ஐ டிராக்கர விக்க வர்றவங்க உங்க வீட்டுக்கே கொண்டு வந்து, அவ உக்கார்ற சேர்ல, அவ உக்கார்ற நேரத்துல வச்சு ஓட்டிக் காட்டணும். ஷோரூம்ல நல்லா ஓடுச்சுன்னு வாங்கிறக் கூடாது. அப்புறம் கண்ணோட சேந்து ஒரு விரலோ புருவமோ கொஞ்சமாவது அசைஞ்சா முதல்ல அந்த அசைவுல சுவிட்ச்ச முயற்சி பண்ணிட்டுத்தான் ஐ டிராக்கர் பக்கமே போகணும். உங்க தங்கச்சிக்கு முழங்கை இருக்கு, அவளுக்கு இதப் பத்தி யோசிக்கவே வேண்டாம்.

சுவிட்ச் செய்யிறதுக்கு முன்னாடி ஒரு தெரபிஸ்ட்கிட்ட காட்டுங்க, பெரியாஸ்பத்திரில விசாரிச்சா வழி சொல்லுவாங்க. முழங்கைதானா, இல்ல தலையத் திருப்புறது, முட்டிய நகர்த்துறது இன்னும் லேசா வருதான்னு பாக்கணும். காலைல ஒரு தடவ, சாயங்காலம் அசந்து இருக்கும்போது ஒரு தடவ, பத்து தடவ அமுக்கச் சொல்லி எண்ணிப் பாருங்க. சாயங்காலமும் எட்டு தடவையாவது சரியா வர்ற அசைவுதான் நிலைக்கும். உக்கார்ற சேர் சரியில்லேன்னா எந்த சுவிட்ச்சும் உருப்படாது, இடுப்பு நழுவாம உக்கார வைங்க.

இப்ப மெக்கானிக் அண்ணன்கிட்ட காட்ட வேண்டியது. முதல் வேலை ஒரு பழைய யூஎஸ்பி மவுஸ்ல. திறந்து லெஃப்ட் பட்டனுக்கு அடியில இருக்கிற குட்டி சுவிட்ச்சோட கால்கள்ல மல்டிமீட்டர் வச்சுப் பாக்கச் சொல்லுங்க, அமுக்கும்போது எந்த ரெண்டு காலுக்கு நடுவுல பீப் வருதோ அந்த ரெண்டுலயும் வயர் சாலிடர் பண்ணி, 3.5 எம்எம் மோனோ ஜாக் பெண் சாக்கெட் ஒண்ண வெளிய எடுக்கணும். இந்த 3.5 எம்எம் ஜாக்தான் உலகம் முழுக்க இந்த மாதிரி சுவிட்ச்சுக்கு பழக்கம், அதனால பின்னாடி ரெடிமேட் சுவிட்ச் வாங்கினாலும் இதுலயே சொருகிக்கலாம். பவர்பாயின்ட்ல குடும்ப போட்டோ, அவளுக்குப் பிடிச்ச பாட்டு எல்லாம் ஸ்லைடா போட்டு வைங்க, ஒரு அமுக்குக்கு ஒரு ஸ்லைடு நகரும், நான் அமுக்கினா நடக்குதுங்கிறது முதல்ல அவளுக்குப் பழகட்டும். இந்த மவுஸ் போன் ஸ்கேனிங்குக்கு உதவாது, அது கீபோர்டு கீயத்தான் எதிர்பாக்கும், அதுக்குத்தான் ப்ரோ மைக்ரோ. அதுல ஏத்துற ப்ரோக்ராம் இருபது வரி கூட வராது, இன்ஜினியரிங் படிக்கிற பையன் யாரும் எழுதித் தருவான்.

சுவிட்ச்சுக்கு கேம் மெஷின்ல வர்ற பெரிய ஆர்கேட் பட்டன் நல்லா இருக்கும், கிடைக்கலேன்னா காலிங் பெல் பட்டன் கூட போதும், ஸ்பிரிங் கொஞ்சம் டைட்டா இருக்கும், அவ்வளவுதான். எதுவா இருந்தாலும் கரண்ட் லைன் அது பக்கமே வரக்கூடாது, யூஎஸ்பி குடுக்கிற 5 வோல்ட்டோட நிக்கணும், அண்ணனுக்கு இத அழுத்திச் சொல்லுங்க. பட்டன ஒரு பிளைவுட் துண்டுல பதிச்சு, விளிம்ப உப்புத்தாள் போட்டுத் தேச்சு, மேல ரெக்ஸின் ஒட்டி, சேர் கைப்பிடில கிளாம்ப் போட்டு இறுக்கணும், ஒரு விரக்கடை நகர்ந்தாக்கூட அவளுக்கு எட்டாது. டிசைன் பாக்கணும்னா கனடாவுல மேக்கர்ஸ் மேக்கிங் சேஞ்ச்னு ஒரு அமைப்பு சுவிட்ச் வரைபடங்கள இலவசமா நெட்ல போட்டிருக்கு, படத்தப் பாத்தே அண்ணன் செஞ்சிருவாரு. பட்டனுக்கும் ஜாக்குக்கும் போற வயர்தான் முதல்ல அறும், அதனால ரெண்டு சுவிட்ச்சா செஞ்சு ஒண்ண எடுத்து வைக்கச் சொல்லுங்க.