க்வில்ட்டுக்கு எந்த பேட்டிங்? கேள்வி பதில்

கிரிக்கெட் ரசிகர்கள் மன்னிக்கவும். இங்கே பேட்டிங் என்றால் க்வில்ட் என்கிற அடுக்குத் தையல் போர்வையில் மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவில் வைத்துத் தைக்கிற பஞ்சு விரிப்பு.

முதல் க்வில்ட், மெஷினில் தைக்கப்போகிறேன். காட்டனா, பாலியஸ்டரா?
80 சதவீதம் பருத்தி, 20 சதவீதம் பாலியஸ்டர் கலந்தது. துணியோடு ஒட்டி நிற்கும். உப்பலான பாலியஸ்டர் மெஷினுக்கடியில் நழுவிக்கொண்டே இருக்கும். நாலு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக வெட்டுங்கள். பேட்டிங் வந்த உறையைத் தூக்கிப் போடாதீர்கள். தையலுக்குத் தையல் எவ்வளவு இடைவெளி விடலாம் என்று அதில்தான் போட்டிருக்கும். 10 அங்குலம் தாங்குவதும் உண்டு, 3 அங்குலத்துக்கு மேல் விட்டால் துவைத்ததும் கட்டிகட்டியாகத் திரள்வதும் உண்டு.

கறுப்புத் துணி மேல் வெள்ளை முடி முடியாக வருகிறதே?
பிடித்து இழுத்தீர்களா? இழுத்திருப்பீர்கள், எல்லாரும் இழுப்போம். ஒரு இழையை இழுத்தால் அதே ஓட்டை வழியே இன்னும் நாலு இழை கூடவே வரும். துணியை ஒட்டினாற்போல் கத்தரியால் நறுக்கிவிடுங்கள். நெசவு தளர்ந்த துணி, தடித்த ஊசி, இழைகள் சரியாகப் பிணையாத மலிவு பாலியஸ்டர் மூன்றும் சேர்ந்தால் இதுதான் நடக்கும். அடுத்த முறை நெருக்கமான நெசவு, மெல்லிய ஊசி. அடர்நிறத் துணிக்குக் கறுப்பு பேட்டிங்கே கிடைக்கிறது. இழை வந்தாலும் கண்ணில் படாது.

கையால் தைக்க?
கம்பளி. ஊசி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும், மடிப்புத் தழும்பும் நிற்காது. பருத்திதான் வேண்டுமென்றால் ஸ்கிரிம் என்கிற மெல்லிய வலை இல்லாததாக எடுங்கள். வலை இருந்தால் விரல் நோகும்.

காட்டன் நல்லதா பாலியஸ்டர் நல்லதா?
முதல் பதில்.

மிச்சத் துண்டுகளில் சூடான பாத்திரம் பிடிக்கிற துணி தைக்கலாமா?
பருத்தி என்றால் இரண்டு மடிப்பாக வையுங்கள். பாலியஸ்டர் சூட்டில் உருகும். எது எதுவென்று தெரியாவிட்டால் ஒரு கிள்ளுப் பஞ்சை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டி மேல் கொளுத்துங்கள். காகிதம்போல் எரிந்து சாம்பலானால் பருத்தி. சுருண்டு உருகிக் கெட்டியான மணியானால் பாலியஸ்டர்.

கைக்குழந்தைக்கு?
ஒரு வயதுவரை தூங்கும் இடத்தில் க்வில்ட்டே வேண்டாம். தரையில் விரித்து விளையாட விடுங்கள்.

காட்டன் சுருங்குமா?
பெரும்பாலும் 3 முதல் 5 சதவீதம். 60 அங்குல க்வில்ட்டில் 2, 3 அங்குலம் போகும். அந்தச் சுருக்கம்தான் பழைய க்வில்ட்டின் அழகு என்பது என் கட்சி.

அழகாவது? பேட்டிங்கை முன்பே நனைத்துச் சுருக்கிவிட வேண்டியதுதானே!
எல்லா பேட்டிங்கும் அதைத் தாங்காது அம்மா. ஊசியால் குத்திப் பிணைத்தவற்றில் சில தாங்கும். மற்றவை தொட்டியிலேயே பிய்ந்து கஞ்சியாகும்.

நான் எப்போதும் நனைத்துத்தான் தைக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை.
அலசினீர்களா, அசையாமல் ஊறவைத்தீர்களா?

ஊறவைத்துப் பிழியாமல் எடுப்பேன்.
அதனால்தான் பிழைத்தது. என்ன பேட்டிங்? உறையில் என்ன போட்டிருக்கிறது?

உறையை எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டேனே.
...

ஐயா, காட்டனா பாலியஸ்டரா?