கயானாவுக்கு வரும் தம்பிக்கு: ரம் பற்றி முதலில் சொல்கிறேன்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். தஞ்சாவூர்ப் பக்கம் சொந்த ஊர், ஜார்ஜ்டவுனில் கட்டுமானக் கம்பெனி வேலை, அடுத்த மாதம் விமானம். வாடகை எவ்வளவு, நம்ம அரிசி கிடைக்குமா, சிம் எங்கே வாங்குவது என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் தயங்கித் தயங்கி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: அங்கே எல்லாரும் ரம் குடிப்பார்களாமே, எப்படிக் குடிப்பார்கள், வேண்டாம் என்றால் தப்பாக நினைப்பார்களா?

மற்றதை எல்லாம் சட்டென்று முடித்துவிடுகிறேன். 2019 டிசம்பரில் கடலில் எண்ணெய் எடுக்க ஆரம்பித்த பிறகு வாடகை கண்டபடி ஏறிவிட்டது, வீட்டைக் கம்பெனியே தரும் என்று எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். அரிசி இங்கேயே விளைகிறது. சிம் ஒரு நாள் வேலை. இனி அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன். என்னை யாரும் எச்சரிக்காமல் விட்டது அதைப் பற்றித்தான்.

நான் வந்தது 2004-இல், பெர்பீஸ் பக்கம் ஓர் அரிசி ஆலையில் இயந்திரப் பராமரிப்பு வேலைக்கு. விமான நிலையத்தில் ஆள் நிற்பார் என்று சொன்னார்கள், யாரும் வரவில்லை. டிமெஹ்ரியில் ராத்திரி முழுக்கப் பெட்டி மேலேயே உட்கார்ந்திருந்தேன். அப்போது பெர்பீஸ் ஆற்றுக்குப் பாலம் கிடையாது, அது 2008-இல்தான் வந்தது. ரோசிக்னாலில் படகு ஏறி நியூ ஆம்ஸ்டர்டாம் போய்ச் சேர்ந்தபோது கையில் இருந்த பணத்தில் பாதி காலி.

இங்கே பழைய வீடுகள் எல்லாம் தூண்மேல் நிற்கும். கீழே திறந்த இடத்துக்குப் பாட்டம் ஹவுஸ் என்று பெயர். ஹாமக் கட்டியிருக்கும், ஒரு மேசை, இரண்டு பெஞ்சு. சாயங்கால வாழ்க்கை முழுக்க அங்கேதான். மூன்றாம் நாள் வீட்டுக்கார அங்கிள் என்னைக் கீழே கூப்பிட்டார். மேசையில் ஒரு எக்ஸ்எம் ரம் பாட்டில், ஒரு கிண்ணம் ஐஸ், தண்ணீர் ஜக், கோக், தட்டில் பொரித்த மீன். அவர் மூடியைத் திருகித் திறந்து, யாருக்கும் ஊற்றாமல் எழுந்து போனார். வீட்டு மூலைத் தூணடியில் பாட்டிலைச் சாய்த்து ரெண்டு சொட்டு மண்ணில் விட்டார். கை தவறிவிட்டதோ என்று நினைத்தேன். "முன்னால் போனவர்களுக்கு" என்றார். எங்கள் தாத்தா வரப்பு முனையில் முனியாண்டிக்குச் சாராயம் விடுவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். எங்கேயோ தென் அமெரிக்காவில், தமிழ் ஒரு வார்த்தை தெரியாத மனிதர் அதையே செய்கிறார். எனக்குப் பேச்சு வரவில்லை.

அப்புறம் நான் செய்ததுதான் நீங்கள் செய்யக்கூடாதது. டம்ளரில் கால்வாசி ஊற்றி, கோக் நிரப்பி, ஒரே மூச்சில் இறக்கிவிட்டு அடுத்ததுக்குக் கை நீட்டினேன். அங்கிள் என் டம்ளர்மேல் உள்ளங்கையை வைத்து மூடினார். "யாரும் எங்கேயும் போகப்போவதில்லை. மெதுவாக" என்றார்.

நம்ம ஊரில் எப்படிப் பழகுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். கடை மூடிவிடுவான், தெரிந்தவன் பார்த்துவிடுவான், வீட்டுக்குப் போகணும். குவார்ட்டரை வாங்கி, பிளாஸ்டிக் டம்ளரில் ரெண்டு மடக்கு, ஊறுகாயை நக்கிவிட்டு வண்டியை எடுப்பது. அந்த அவசரத்தை நாம் விமானத்தில் ஏற்றிக் கொண்டுவருகிறோம். இங்கே குடிப்பது வெட்கப்படும் காரியமில்லை, அதனால் அவசரமும் இல்லை. பாட்டில் மேசை நடுவில் நிற்கும். அவரவர் டம்ளரில் அவரவர் கொஞ்சமாக ஊற்றிக்கொள்வார்கள். ரம்மைத் தொடர்ந்து குடிக்கத் தண்ணீரோ கோக்கோ சேஸராகப் பக்கத்தில் இருக்கும். "ஃபையர் ஒன்" என்றால் ஒரு சுற்று என்று அர்த்தம். கூடவே கட்டர்ஸ் கட்டாயம் உண்டு: பொரித்த மீன், கடலை, வாழைக்காய் வறுவல், நம்ம போண்டாவுக்குத் தம்பி மாதிரி ஒரு பொலூரி. ஒரு பாட்டில் தீர மூன்று மணி நேரம்கூட ஆகும். கிரிக்கெட் பேசுவார்கள். வெஸ்ட் இண்டீஸுக்கு ஆடிய கன்ஹாய், புட்சர், சாலமன் மூன்று பேரும் இதே பெர்பீஸில் இருக்கும் போர்ட் மோரன்ட்காரர்கள், அதைச் சொல்லாமல் எந்த மேசையும் கலையாது.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. ஹை வைன் என்று வெள்ளையாக ஒன்று கிடைக்கும். பேரைப் பார்த்து ஒயின் என்று நினைக்காதீர்கள், சுத்தமான வெள்ளை ரம். நம்ம ஊர் ரம் 42.8 சதவீதம், இது 70-ஐ ஒட்டி நிற்கும். எங்கள் ஆலைக்கு வந்த மதுரைப் பையன் ஒருவன் அதை ஓட்கா மாதிரி ஸ்பிரைட்டில் கலந்து குடித்தான். மறுநாள் முழுக்க ஆஸ்பத்திரியில், அவன் அம்மாவுக்குப் போன் போட்டது நான். பழகிய ஆட்கள்கூட அதை மூடியளவுதான் ஊற்றுவார்கள். நீங்கள் தொடவே வேண்டாம். குடித்த அன்று வண்டியும் வேண்டாம், கடற்கரைச் சாலையில் பல இடங்களில் ராத்திரி விளக்கு இருக்காது, நடு ரோட்டில் மாடு படுத்திருக்கும்.

சரி, நல்ல ரம்முக்கு வருவோம். எல் டொராடோ என்பது இந்த ஊர் ரம். பாட்டிலில் 12 என்று போட்டிருந்தால் அந்தக் கலவையில் ஆகக் குறைந்த வயது ரம்முக்கே 12 வருஷம். 15-உம் அப்படித்தான். அதில் கோக் ஊற்றுவது பாவம், நான் உறுதியாகச் சொல்கிறேன். சின்ன டம்ளரில் அரை அங்குலம், ஐஸ் ஒன்று, வேண்டுமானால் ஐஸும் இல்லாமல். பத்து நிமிஷம் கையிலேயே வைத்திருங்கள். வெல்லப்பாகு காய்ச்சும்போது அடியில் லேசாகப் பிடிக்குமே, அந்த வாசம் வரும். அதைக் காய்ச்சும் டயமண்ட் ஆலையில் இன்னமும் மரத்தாலான வடிகலன்கள் ஓடுகின்றன, கிரீன்ஹார்ட் என்கிற இந்த ஊர்க் காட்டுமரம். அதில் ஒன்று போர்ட் மோரன்ட் கரும்புத் தோட்டத்திலிருந்து வந்தது. அந்தத் தோட்டத்து வடிசாலையை மூடியபோதும் கலனை விடவில்லை. ஒரு மெக்கானிக்காக அதை நேரில் பார்த்தபோது கும்பிடத் தோன்றியது. லீவு நாளில் போய்ப் பாருங்கள்.

தினசரிக்கு 5 வருஷ ரம் போதும். அதில் இளநீர் கலந்து குடிப்பதுதான் எனக்குப் பிடித்தது, இங்கே தெருவுக்குத் தெரு இளநீர் வெட்டுகிறார்கள். தண்ணீர் கலப்பது கேவலம் என்று நம்ம பையன்கள் நினைக்கிறார்கள். பிரிட்டிஷ் கடற்படைக்கு டெமராரா ரம், அதாவது இந்த ஊர் ரம், போய்க்கொண்டிருந்தது. 1740-இல் வெர்னன் என்ற தளபதி, ஒரு பங்கு ரம்முக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்துதான் கொடுக்கணும் என்று உத்தரவு போட்டார். மாலுமிகள் எலுமிச்சையும் சர்க்கரையும் சேர்த்துக் குடித்தார்கள். 1970 வரைக்கும் அந்தக் கடற்படையில் மாலுமிகளுக்குத் தினமும் ரம் அளந்து கொடுத்தார்கள். அவர்களைவிடவா நாம் பெரிய ஆள்? விருந்துகளில் பஞ்ச் வைப்பார்கள்: புளிப்பு ஒன்று, இனிப்பு இரண்டு, ரம் மூன்று, தண்ணீரோ பழச்சாறோ நாலு, மேலே ஜாதிக்காய்த் துருவல். இனிக்கும், அதனால்தான் ஏமாற்றும். கிறிஸ்துமஸுக்கு பிளாக் கேக் கிடைக்கும், உலர்பழங்களை மாதக்கணக்கில் ரம்மில் ஊறவைத்துச் செய்வது. குடிக்காதவர்கள் அதையும் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

வேண்டாம் என்றால் தப்பாக நினைப்பார்களா? நினைக்க மாட்டார்கள். "நான் குடிப்பதில்லை அங்கிள்" என்று சொல்லிவிட்டு, இளநீரோ மாபியோ வாங்கிக்கொண்டு அதே பெஞ்சில் உட்காருங்கள். மாபி என்பது மரப்பட்டையில் போடும் கசப்புக் குளிர்பானம், பழகினால் நன்றாகவே இருக்கும். எழுந்து போவதைத்தான் தப்பாக நினைப்பார்கள். இதில் நம்ம ஆட்கள்மேல் எனக்குக் கோபமே உண்டு. பகலில் இந்த ஊர்க்காரர்களைக் குடிகாரர்கள் என்று திட்டிவிட்டு, ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு டியூட்டி ஃப்ரீ ஸ்காட்ச்சைத் தனியாக இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். பத்து வருஷம் இருந்தும் பக்கத்து வீட்டுப் பாட்டம் ஹவுஸில் ஒரு நாள் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிடாதீர்கள். தனியாகக் குடித்துக் குடும்பத்தை அழித்தவர்கள் இந்த ஊரிலும் நிறைய உண்டு, அவர்களைப் பார்த்தும் சொல்கிறேன்.

அங்கிளின் கொள்ளுத்தாத்தா மெட்ராஸ் கப்பலில் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர். 1845-இலிருந்து அந்தக் கப்பல்கள் வந்தன. பெர்பீஸ் காளி கோயிலுக்கு என்னைக் கூட்டிப் போனவர் அவர்தான். தப்பு மேளம் அடிக்கிறார்கள், அர்த்தம் தெரியாமலே தமிழில் பாடுகிறார்கள், மதுரைவீரனுக்கும் சங்கனி என்று இவர்கள் சொல்லும் காவல் தெய்வத்துக்கும் ரம் வைக்கிறார்கள். அந்த வரிகளில் ஒன்றிரண்டுக்கு நான் அர்த்தம் சொன்னபோது பூசாரி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

ஒரே ஒரு உபகாரம், தம்பி. பெட்டியில் இடம் இருந்தால் நாலு கட்டு அப்பளம் போட்டுக்கொண்டு வாருங்கள். ஒரு தடவை மீனுக்குப் பதில் அப்பளம் பொரித்து மேசையில் வைத்தேன், அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆனால் அங்கிளின் மகன் மேலே பார்த்துக் குரல் கொடுக்கிறான். இருப்பு தீர்ந்து மூன்று மாதம் ஆகிறது.